மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது நான் கேட்டில் இருந்தேன்

இரும்பில் புதிதாக ஓர் ஓட்டை போடுவதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. ஒரு மெஷினும் கொஞ்சம் முரட்டுத்தனமும் இருந்தால் போதும். ஏற்கெனவே இருக்கிற ஓட்டையைக் கொஞ்சமே கொஞ்சம் பெரிதாக்குவதற்குத்தான் அறிவு வேண்டும். அந்த அறிவு என்னிடம் இல்லை என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரியவந்தது. எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் யாருக்கும் சொல்லாமல் முழுங்கியிருப்பேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் சேர்த்துத் தெரிந்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருமுல்லைவாயிலில் அப்பா கட்டிய வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. நான் செய்ததெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து பில் போட்டதுதான். ஆனால் நாள் முழுக்க டிரில் பிட், அரம், போல்ட், நட் என்று டைப் அடித்து அடித்து, இரும்பைப் பற்றி நமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற எண்ணம் மெல்ல வந்து உட்கார்ந்துவிட்டது. (“மருந்துக் கடையில பில் போடுறவன் ஆபரேஷன் பண்ணக் கிளம்பின மாதிரி” என்று அம்மா பிற்பாடு சொன்னாள். நியாயமான உவமைதான்.)

எங்கள் வீட்டு கேட்டுக்கு இரண்டு கதவு. இடது பக்கக் கதவைத் தரையோடு தாழ் போட்டு, அதன் பின்னால் அப்பாவின் ஸ்கூட்டரை நிறுத்தியிருப்போம். வலது பக்கக் கதவுதான் திறந்து மூடுவது. இடது கதவில் இருக்கும் தாழ்ப்பாள் கம்பி, வலது கதவின் ஓரத்தில் வெல்டிங் செய்திருக்கும் கனமான இரும்புப் பட்டையின் ஓட்டைக்குள் போய் உட்கார வேண்டும். வருஷக்கணக்காக ஒழுங்காகத்தான் உட்கார்ந்துகொண்டிருந்தது. தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் போய்விட்டார்கள், எங்கள் கேட் தூண் லேசாகச் சாய்ந்துவிட்டது. அதிலிருந்து கம்பி ஓர் இடத்திலும் ஓட்டை அதற்குக் கொஞ்சம் மேலேயும் நின்று, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அப்பா ஒரு நைலான் கயிற்றைக் கொண்டுவந்து கதவுகளைக் கட்டினார். வெல்டிங் கடை சுலைமான் பாய்க்குப் போன் போட்டார். பாய் “நாளைக்கு வர்றேன் சார்” என்றார். அந்த நாளை வருவதற்குள் தெரு மாடு கயிற்றை நெம்பிக்கொண்டு உள்ளே வந்து, அம்மாவின் செம்பருத்தியைத் தின்றுவிட்டுப் போயிற்று. அப்பா மறுபடி போன் போட்டார். பாய் மறுபடியும் நாளைக்கு என்றார்.

இந்த நிலைமையில்தான் வேப்பம்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பாலமுருகன். தனியார் கல்லூரி ஒன்றில் நூலகர். அப்பா இல்லை, அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறார். மூன்று மணி போல வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

அம்மா காலையிலிருந்து அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வர்றவங்க மொதல்ல பாக்குறதே கேட்டத்தான். கயித்த அவுத்துட்டு உள்ள வாங்கன்னா என்ன நெனைப்பாங்க?”

“மாட்டுக் கொட்டாய்னு நெனைப்பாங்க” என்றார் அப்பா பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

என் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன் வந்த வரன்களின் போட்டோக்களை நான் மின்சார ரயில் அட்டவணையைப் பார்ப்பதுபோல்தான் பார்த்திருக்கிறேன். இந்தப் போட்டோவை மட்டும் ஆபீஸில் டிபன் சாப்பிடும்போது ஒரு தடவை, ரயிலில் ஒரு தடவை என்று எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த மாதிரி ஒரு முகம். அப்படிப்பட்ட மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்து நைலான் கயிற்றை அவிழ்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஃபேனுக்கடியில் தூங்கிப் போனார். அம்மா சமையலறையில் கேசரிக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாள். பரண் மேல் அப்பா ஆன்லைனில் வாங்கிய டிரில் மெஷின் இருந்தது. ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்காக வாங்கி, அதைச் செய்ததும் ரிடையர் ஆகிவிட்ட மெஷின். எடுத்தேன்.

புடவை, நகை எல்லாம் கட்டிலில் எடுத்து வைத்திருந்தது. வேலை முடிந்த பிறகு குளித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நைட்டியோடு இறங்கினேன். நைட்டி அழுக்காகாமல் இருக்க அதன்மேல் அப்பாவின் பழைய சட்டை. தலையில் இரும்புத் தூள் படாமல் இருக்கத் துண்டு. கண்ணில் தெறிக்காமல் இருக்கக் கூலிங் கிளாஸ். பாதுகாப்பு விஷயத்தில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

போனில் ஒரு வீடியோவும் பார்த்தேன். கோயமுத்தூர்ப் பேச்சில் ஓர் அண்ணன் பொறுமையாக விளக்கினார். எனக்கு நேரமில்லாததால் அவரை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நடுநடுவே தாவியும் பார்த்தேன். இருக்கிற ஓட்டைக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் பெரிய பிட்டை உள்ளே விட வேண்டும், இல்லாவிட்டால் பிட்டுக்கு நடு எது என்று தெரியாது என்று அவர் சொன்ன இடம் நான் தாவிய பகுதியில் இருந்தது. இது பிற்பாடு நிதானமாகப் பார்த்தபோது தெரிந்தது.

கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பெட்டியில் இருந்ததிலேயே பெரிய பிட்டை மாட்டி, ஓட்டையில் வைத்து, விசையை அழுத்தினேன்.

முதலில் கேட் கத்தியது. இரும்பு கேட் முழுவதும் அதிர்ந்து தெருக்கோடி வரை கேட்கும்படியாக ஒரு சத்தம். நாய்கள் பதில் சொல்லின. அடுத்த விநாடி பிட் ஓட்டையின் ஓரத்தைக் கவ்விக்கொண்டது. பிட் நின்றுவிட்டது, மெஷின் நிற்கவில்லை. அது என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பியது. நான் மெஷினைப் பிடித்திருந்தேனா, மெஷின் என்னைப் பிடித்திருந்ததா என்று சொல்ல முடியாது. எப்படியோ பிடுங்கி எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி திருகி, கடைசியில் நான் பார்த்தபோது, வட்டமாக இருந்த ஓட்டை சமோசா வடிவத்துக்கு வந்திருந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் சமோசாவோடு விட மனம் வரவில்லை. உருண்டை அரம் ஒன்று இருந்தது. அதை உள்ளே விட்டு, கீழ்ப்பக்கமாக ராவினேன். தேங்காய் எண்ணெய் ஊற்றி ராவினேன். கை ஓய்ந்ததும் மறுபடி மெஷினை விட்டேன். வியர்வை கூலிங் கிளாஸுக்குள் ஒழுகியது. ஆனால் ஓட்டை பெரிதானது. கீழே இறங்கி வந்தது. கதவைச் சாத்திப் பார்த்தால் தாழ்ப்பாள் கம்பியின் மூக்கு உள்ளே நுழைந்தது. இன்னும் ஒரு துளிதான் பாக்கி.

உள்ளே எங்கே தடுக்கிறது என்று பார்க்கச் சுண்டு விரலை விட்டேன். சுலபமாகப் போய் சுலபமாக வந்தது. கம்பியின் பருமன் சுண்டு விரலைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் அடுத்த விரலை, வலது கை மோதிர விரலை, விட்டேன். எண்ணெய்ப் பசையில் அதுவும் வழுக்கிக்கொண்டு போனது. அடிவரை போனது. பரவாயில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு விரலை இழுத்தேன்.

வரவில்லை.

நாம் ஓட்டை போடும்போது இரும்பு முழுவதும் தூளாக வெளியேறிவிடுவதில்லை. பின்பக்கம் கொஞ்சம் பிசிறாக, கூர்கூராக மடிந்து நிற்கும். விரல் உள்ளே போகும்போது பிசிறு வழிவிடுகிறது. வெளியே வரும்போது தோலில் குத்திப் பிடித்துக்கொள்கிறது. மீன் பிடிக்கிற கூடையும் இதே முறையில்தான் செய்யப்படுகிறது. மீனின் தரப்பு எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நிதானமாக இழுத்தேன். வேகமாக இழுத்தேன். திருகினேன். விரல் வீங்க ஆரம்பித்தது. இடது கையால் எண்ணெய்க் கிண்ணத்தை எட்டி எடுக்கப் போய்க் கவிழ்த்தேன். “அப்பா” என்று கூப்பிட்டேன். ஃபேன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அம்மா மிக்ஸியை ஓடவிட்டிருந்தாள்.

அப்போது ஸ்டேஷன் பக்கமிருந்து மூன்று பேர் தெருவில் நடந்து வந்தார்கள். முன்னால் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர். பின்னால் பட்டுப்புடவையில் ஓர் அம்மா. அவருக்குப் பின்னால், கையில் பழத் தட்டோடு, நான் ஆபீஸில் டிபன் சாப்பிடும்போது பார்த்துக்கொண்டிருந்த முகம்.

மணி இன்னும் இரண்டுகூட ஆகவில்லை.

பெரியவர் என் எதிரில் வந்து நின்றார். “ஏம்மா, சபாபதி சார் வீடு இதுதானே?”

“ஆமாங்க.”

“மூணு மணிக்குத்தான் வர்றதா இருந்தோம். ஞாயித்துக்கெழம பாரு, ட்ரெயின நம்ப முடியல. கெடச்ச வண்டியில ஏறிட்டோம்.” இதை ஏன் என்னிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். “ஆமா, நீ யாரும்மா?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நைட்டி, அப்பா சட்டை, தலைத்துண்டு, கூலிங் கிளாஸ், எண்ணெய் வழியும் கை. உண்மைக்கு ஏற்ற உடையில் நான் இல்லை.

“கேட் வேலைங்க” என்றேன்.

“ஞாயித்துக்கெழமகூட வேல செய்யற. நல்லாயிரும்மா” என்று ஆசீர்வதித்துவிட்டு அவர் கதவைத் தள்ளினார். கதவு திறந்தது. நானும் கதவோடு சேர்ந்து, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, கால் வட்டம் போட்டுச் சுவரோரமாகப் போய் நின்றேன். கதவைத் திறந்துவிட்டுப் பணிவாக ஒதுங்கி நிற்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பெரியவர் போனார். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். பையன் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து கேட்டை ஆராய்ந்தேன்.

உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம், அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து “வாங்க வாங்க” என்று பதறும் சத்தம். சட்டைப் பையில் என் போன் அடித்தது. அம்மா.

“எங்கடி இருக்க? வந்துட்டாங்க.”

“தெரியும். நான்தான் கேட் தொறந்து விட்டேன்.”

“என்ன கோலத்துல?” என்று கேட்டவள், நான் சொல்வதற்குள், “சரி, பின்பக்கமா வந்து புடவையக் கட்டு.”

“வர முடியாதும்மா. வெரல் மாட்டிக்கிச்சு.”

“எதுல?”

“ஓட்டையில.”

“எந்த ஓட்டையில?”

“நான் போட்ட ஓட்டையில.”

அந்த நேரம் பார்த்து யாரோ பக்கத்தில் வந்திருக்க வேண்டும். அம்மாவின் குரல் சர்க்கரைப் பாகாக மாறியது. “அப்படியா கண்ணு. சரி, மெதுவா வாங்கிட்டு வா, அவசரமில்ல” என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருப்பதாக உள்ளே அறிவிக்கப்பட்டது.

சிறிது நேரத்தில் அப்பா வெளியே வந்தார். தண்ணி லாரி வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். என் விரலைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கட்டையை எடுத்து அடிக்கிற வயசு தாண்டிவிட்டதே என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான் அலறாமல் இருக்கத் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டேன். “ரிலாக்ஸா விடு, ரிலாக்ஸா விடு” என்று சொல்லிக்கொண்டே அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். எதுவும் நகரவில்லை. சுலைமான் பாய்க்குப் போன் போட்டுவிட்டு, “லாரி இன்னும் வரல” என்று சத்தமாகச் சொல்லியபடி உள்ளே போனார்.

கேசரி போனது, பஜ்ஜி போனது. வாசனை மட்டும் எனக்கு வந்தது. பூ வாங்கப் போனவள் வரவில்லை. மார்க்கெட் ரொம்ப தூரமோ என்று அந்தப் பெரியவர் கேட்பது ஜன்னல் வழியாகக் கேட்டது.

பிறகு பாலமுருகன் வெளியே வந்தார். காதில் போன். ஆனால் எதுவும் பேசவில்லை. என் அருகில் வந்ததும் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“நீங்க சுகந்திதானே?”

“இல்லைங்க.”

“போட்டோவுல பாத்தேன்.”

“அது என் தங்கச்சி.”

“ஒரே பொண்ணுன்னு சொன்னாங்களே.”

நான் கூலிங் கிளாஸ் வழியாக வானத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து பட்டையைப் பார்த்தார், அதற்குள் போயிருந்த விரலைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. போட்டோவில் இருந்த அதே முகம்.

“எவ்ளோ நேரமா?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடியிலருந்து.”

“அப்போ கேட்டத் தொறந்துவிட்டது?”

“கேட்தான் என்னத் தொறந்துவிட்டது.”

அவர் ஸ்கூட்டரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். உள்ளே போகவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. நான் என்ன படித்தேன், என்ன வேலை என்றெல்லாம் கேட்டார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை விரல் சுரீரென்று இழுக்கும். அந்த இடத்தில் நிறுத்துவேன். அவரும் நிறுத்திக் காத்திருப்பார். கல்லூரி நூலகத்தில் பையன்கள் ஏசிக்காக மட்டும்தான் வருகிறார்கள் என்றார். எங்கள் ஆபீஸிலும் நான் ஏசிக்காகத்தான் போகிறேன் என்றேன். அதற்கு லேசாகச் சிரித்தார். வலி ஒரு நிமிஷம் காணாமல் போயிற்று. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

திரும்பவும் லாரி பார்க்க வந்த அப்பா, மாப்பிள்ளைப் பையன் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உறைந்து நின்றார்.

“ஒண்ணும் பதறாதீங்க சார்” என்றார் அவர். “கேட்ட கீல்லருந்து தூக்கிடலாமா? நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் புடிச்சா...”

“தூக்கிட்டு?”

“கேட்டோட உள்ள கூட்டிட்டுப் போலாம். ஒக்காரவாவது செய்யலாம்.”

அப்பா அதை நிஜமாகவே யோசித்தார். ஹால் வாசற்படியின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். நைட்டியோடு நான் சோபாவில், மடியில் இரும்பு கேட், எதிரில் மாப்பிள்ளை வீட்டார். அந்தக் காட்சி எனக்குத் தெரிந்துவிட்டது. “வேணாம்ப்பா” என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் மொபெட்டில் சுலைமான் பாய் வந்தார். வாரக்கணக்காக வராதவர். பின்னால் கட்டிங் மெஷின் கட்டியிருந்தது.

“இன்னா சார், டெய்லி போன் பண்ணிக்கினே கீறீங்களேன்னு, இன்னிக்கி கடைய மூடிட்டு வந்துட்டேன்” என்றபடி இறங்கியவர் என்னைப் பார்த்தார். கிட்டே வந்து பட்டையை இப்படியும் அப்படியும் பார்த்தார். அவருக்கு விரல் ஒரு விஷயமாகவே படவில்லை.

“யாரு போட்டது இந்த ஓட்டைய?”

“நான்தான் பாய்.”

“ஓட்டையாம்மா இது? எலி கடிச்ச மாரி கீது.” வருத்தத்தோடு தலையாட்டினார். “சரி, பயப்படாத. பட்டைய கேட்லருந்து தனியா வெட்டி எட்த்துர்லாம். அப்பாலிக்கு வெரல பாத்துக்கலாம்.”

“வெரல எப்பிடிப் பாத்துக்குவீங்க?” என்று கேட்டேன்.

“பாத்துதாம்மா வெட்டணும்” என்றார் பாய். அந்த வாக்கியத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஒயரைச் சொருகி, சும்மா ஓடுகிறதா என்று பார்க்க ஒரு தடவை மெஷினைப் போட்டார். வட்டத் தகடு என் முகத்துக்கு நேரே கீச்சென்று சுற்றியது. நான் அதுவரை காப்பாற்றி வைத்திருந்த மானம், மரியாதை, பூ மார்க்கெட் கதை எல்லாவற்றையும் மறந்து ஒரு கத்துக் கத்தினேன்.

ஹால் காலியானது. பெரியவர் பஜ்ஜித் தட்டோடு வந்தார். பின்னால் அந்த அம்மா. வாசலில் எங்கள் அம்மா, முகத்தில் ரத்தமே இல்லாமல். நான் கத்தியதில் துண்டு அவிழ்ந்து விழுந்து, கூலிங் கிளாஸ் ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

“கேட் வேலன்னு சொன்னியேம்மா” என்றார் பெரியவர்.

“வேலதான் மாமா செஞ்சிட்டிருக்காங்க” என்றார் பாலமுருகன். “இவங்கதான் பொண்ணு.”

பாய், “கல்யாணப் பொண்ணா நீ?” என்று மெஷினைக் கீழே வைத்தார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியில் இல்லை. இனி இந்தப் போட்டோவை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை என்று தோன்றியதால்தான். அம்மா என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். பூ, லாரி, மாடு, செம்பருத்தி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வந்தன.

பாலமுருகனின் அம்மா யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார். தொங்கிக்கொண்டிருந்த கூலிங் கிளாஸைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். புடவைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்தார். “வலிக்குதா?” என்று கேட்டார். அதுவரை இழுத்தார்கள், அளந்தார்கள், வெட்டப் பார்த்தார்கள். அதை மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை. “ரொம்ப” என்றேன்.

“ஃபிரிட்ஜ்ல ஐஸ் இருந்தா எடுத்தாங்க. அப்பிடியே காலி பால் கவர் ஒண்ணு, கழுவினது. கத்திரிக்கோல், கொஞ்சம் எண்ணெய்” என்றார் என் அம்மாவிடம்.

ஐஸைத் துணியில் சுற்றி விரலில் வைத்துப் பிடித்துக்கொண்டே நின்றார். வீக்கம் கொஞ்சம் அடங்கியது. பால் கவரை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாக வெட்டினார். தன் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து, அதன் முனையால் கவர் துண்டுகளை விரலுக்கும் பிசிறுக்கும் நடுவே ஒவ்வொன்றாகச் செருகினார். விரலைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டை மாதிரி ஆயிற்று.

“கண்ணாடி வளையல் சின்னதா இருந்தா கவரப் போட்டுத்தான ஏத்துவோம். அதே வழுக்கல்தான்” என்றார். பிறகு எண்ணெயை விட்டார். “பாலு, இவள ஏதாவது கேளு.”

“என்ன கேக்கறது?”

“எதையாவது கேளேன்டா.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்களுக்கு சம்மதமா?” என்று கேட்டார்.

நான் திகைத்து அவரைப் பார்த்த அந்தக் கணத்தில், அவருடைய அம்மா மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். விரல் வந்துவிட்டது. தோல் உரிந்து, சுட்ட கத்திரிக்காய் நிறத்தில், ஆனால் முழுசாக.

பாய்தான் முதலில் பேசினார். “மாஷா அல்லா” என்றார்.

என் அம்மா ஓடிவந்து, “அஞ்சு நிமிஷத்துல புடவை கட்டிட்டு வந்துருவா, ராகுகாலத்துக்கு இன்னும் நேரமிருக்கு” என்றாள். பாலமுருகனின் அம்மா கையமர்த்தினார். “புடவை எதுக்குங்க? பாத்தாச்சு. இதுக்கு மேல ஒரு பொண்ண என்ன பாக்கறது?”

இரும்பு குத்தியதற்கு ஊசி போட வேண்டும் என்று அவரே முடிவு செய்து, மகனையும் என்னையும் அப்பாவின் ஸ்கூட்டரில் கிளினிக்குக்கு அனுப்பினார். பெண் பார்க்கும் நாளிலேயே மாப்பிள்ளையின் பின்னால் ஸ்கூட்டரில் போனது எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் நைட்டியில். நாங்கள் திரும்பி வந்தபோது பாய் அந்தப் பட்டையை வெட்டி எறிந்துவிட்டுச் சரியான இடத்தில் புதுப் பட்டை வைத்து வெல்டிங் செய்திருந்தார். தாழ்ப்பாள் ஒரு விரலால் தள்ளினாலே உள்ளே போனது. (ஒரு விரலால் தள்ளிப் பார்க்கச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன்.)

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் பாலுவிடம் கேட்டேன், அந்த நிலையில் என்னைப் பார்த்தும் எப்படிச் சம்மதமா என்று கேட்டீர்கள் என்று. “மத்த எடத்துலல்லாம் பொண்ணு வந்து காபி குடுத்துட்டு உள்ள ஓடிரும். நீ ஓட முடியாம நின்ன. பேச வசதியா இருந்துச்சு” என்றார். காதல் வசனம் என்று நான் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அந்த நாள் அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இன்னொரு தடவை அலைய வேண்டாம் என்று, கிளம்பும்போதே பாலுவின் அம்மா, இப்போது என் அத்தை, ஒரு நூலை எடுத்து நிச்சயதார்த்த மோதிரத்துக்கு அளவு எடுத்துக்கொண்டார். எந்த விரலில் எடுத்தார், அது அப்போது என்ன பருமனில் இருந்தது என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. நிச்சயதார்த்த மேடையில் பாலு மோதிரத்தைப் போட்டுவிட்டார். நான் எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினேன். மோதிரம் விரலைவிட்டு இறங்கி, மேடையில் உருண்டு, நாற்காலி வரிசைகளுக்கடியில் போய்விட்டது. பட்டுப்புடவைகளும் வேட்டிகளும் மண்டபத் தரையில் மண்டியிட்டுத் தேடின. அன்றைக்கு வந்த பெரியவர், வேப்பம்பட்டு மாமாதான் கண்டுபிடித்தார்.

“அளவு சரி பண்ணணுமே” என்றார் அவர், மோதிரத்தின் வழியாக ஒரு கண்ணால் என்னைப் பார்த்தபடி.

“ஆசாரிகிட்ட குடுத்துப் பண்ணிக்கலாம்” என்றார் அத்தை. “அவகிட்ட மட்டும் குடுத்துறாதீங்க.”

அன்று மண்டபம் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. எங்கள் குடும்பத்தில் எது சேராவிட்டாலும், சாவி நுழையாவிட்டாலும், ஊசியில் நூல் ஏறாவிட்டாலும், “சுகந்தியக் கூப்பிடட்டுமா?” என்று யாராவது கேட்பார்கள். அத்தை அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அது கொஞ்சம் வளர்கிறது. இப்போதைய பதிப்பில் என் இரண்டு விரல்கள் மாட்டியிருக்கின்றன.

போன மாதம் பாலுவின் தங்கை முறையில் ஒருத்தியின் குழந்தைக்குக் காதுகுத்து. மாமன் மடியில் குழந்தை. ஆசாரி பொட்டு வைத்த இடத்தைப் பார்த்து, தங்கக் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நானும் முன்னால் போனேன்.

“கொஞ்சம் இருங்க” என்று அத்தை ஆசாரியைத் தடுத்தார். கூட்டத்தில் என்னைப் பார்த்து, “சுகந்தி, நீ மொதல்ல அந்தத் தூணாண்ட போய் நில்லுமா” என்றார்.

போய் நின்றேன்.